192 இருக்கட்டும், மைக் ஓட்டை எத்தனை?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் வந்த தொழில்நுட்பக் கேள்வி-பதிலைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஒரு வாசகி கேட்டிருந்தார்: மகள் பாடுகிறாள், மகன் மிருதங்கம் வாசிக்கிறான், இரண்டு பேரையும் வீட்டு லேப்டாப்பில் பதிவு செய்ய வெளியே மாட்டுகிற சவுண்ட் கார்டு எது வாங்கலாம் என்று. பதில் நாலே வரி. 192 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள், 7.1 சேனல் என்றால் இன்னும் நல்லது, யூஎஸ்பி-சி ஆக இருக்கட்டும், முடிந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கடைக்காரர் கிட்டத்தட்ட இதே பதிலைத்தான் எனக்கும் சொன்னார், நானும் நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

நான் கும்பகோணத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவன். கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது, இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்தது முழுக்கக் காசைத் தொலைத்துத் தெரிந்துகொண்டது. கொரோனா சமயத்தில் வகுப்பு மொத்தமும் ஆன்லைனுக்குப் போயிற்று, போட்டி நடத்துகிறவர்களும் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புங்கள் என்று ஆரம்பித்தார்கள், அந்தப் பழக்கம் இன்றைக்கும் விடவில்லை. என் அக்கா மகள் ஒரு வர்ணம் பாடி அனுப்ப வேண்டியிருந்தது. முதலில் லேப்டாப்பில் இருக்கிற மைக்கிலேயே பதிவு செய்தோம். போட்டுக் கேட்டால் குரல் இருக்கிறது, தம்புராவைக் காணோம். போனில் ஓடுகிற தம்புராதான், ஆனால் பக்கத்திலேயே வைத்திருந்தோம், நன்றாகவே கேட்டது. பதிவில் முதல் இரண்டு மூன்று விநாடி இருக்கிறது, அப்புறம் மெல்லக் கரைந்துபோகிறது, அவள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்திலெல்லாம் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி ஒரு அமைதி. பிறகுதான் புரிந்தது. லேப்டாப் மைக்கும் அதற்குப் பின்னால் இருக்கிற சாஃப்ட்வேரும் மீட்டிங்கில் பேசுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தவை. விடாமல் ஒரே மாதிரி ஒரு சத்தம் வந்தால் ஃபேன் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு அதை வெட்டி எறிந்துவிடும். விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதுதானே தம்புராவுக்கு வேலை! ரவை போட்டு, தட்டித் தட்டிச் சரிபார்த்த தொப்பியும், அதாவது என் மிருதங்கத்தின் இடது முகமும், அதே கதிதான், ‘தொம்’ என்று வர வேண்டியது ‘டொக்’ என்று வந்தது.

சரி, லேப்டாப் மைக் ஆகாது என்று கடைக்குப் போனேன். சவுண்ட் கார்டு வேண்டும், பாட்டுப் பதிவு செய்ய, என்றேன். எந்த ஊர், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். மேலே பன்னிரண்டு பொத்தான், ஒன்றை அமுக்கினால் கைதட்டல் வருகிறது, ஒன்றை அமுக்கினால் கூட்டமாகச் சிரிக்கிறார்கள், இன்னொன்று நம் குரலைக் குழந்தைக் குரலாக மாற்றுகிறது. 1,800 ரூபாய். கூடவே ஒரு கண்டென்சர் மைக், ஒரு கேபிள். ஸ்டுடியோ குவாலிட்டி சார், எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். போனில் லைவ் போகிறவர்கள், டிராக் போட்டுப் பாடுகிறவர்கள் நிஜமாகவே வாங்குகிறார்கள், அவர்கள் வேலைக்கு அது சரியாகவும் இருக்கலாம். என் வேலைக்கு அது ஆகவில்லை.

ஒரு பெட்டியில் ஒழுங்காக ஒரு மைக்தான் போட முடிந்தது, அதனால் முதலில் அவளைப் பாட வைத்துப் பதிவு செய்தோம், பிறகு நான் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே மேலே மிருதங்கம் வாசித்தேன். வாசிக்கும்போது எல்லாம் சரியாக இருந்தது. போட்டுக் கேட்டால் நான் சமத்தில், அதாவது தாளம் தொடங்குகிற இடத்தில், போட்ட அடி ஒன்றுகூடச் சமத்தில் இல்லை. முப்பது வருஷமாக வாசிக்கிறேன், தாளம் விட்டேன் என்று யாரும் சொன்னதில்லை, லேப்டாப் சொல்லிற்று! காரணம் தாமதம். லேட்டன்சி என்பார்கள். மைக்கில் விழுந்த சத்தம் பெட்டிக்குள் போய், எண்ணாக மாறி, லேப்டாப்புக்குள் வரிசையில் நின்று, பதிவாகி, திரும்பவும் ஹெட்போனுக்கு வந்து சேர ஆகிற நேரம். லேப்டாப்பும் பெட்டியும் பேசிக்கொள்ள உதவுகிற சாஃப்ட்வேரை டிரைவர் என்பார்கள், விண்டோஸ் தானாகக் கொடுக்கிற சாதாரண டிரைவரில் இது நூறு மில்லி விநாடியைத் தாண்டுவது சகஜம். நூறு மில்லி விநாடி என்றால் கண்சிமிட்டும் நேரம்கூட இல்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு 80 அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) என்று ஆதி தாளம் போட்டால் ஒரு அட்சரம் 750 மில்லி விநாடி. மேல்காலத்தில் ‘தகதிமிதகஜொணு’ என்று அட்சரத்துக்கு எட்டு சொல் வாசித்தால் ஒரு சொல்லுக்குக் கிடைப்பது 94 மில்லி விநாடி. ஆக நூறு என்பது ஒரு முழுச் சொல்லுக்கும் மேலே. நான் ‘த’ போட்ட இடத்தில் ‘க’ இருக்க வேண்டும், அவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது. மவுஸால் பிடித்து இழுத்துச் சரிசெய்யலாம்தான், ஒரு தடவை இழுத்தும் பார்த்தேன், அடுத்த தடவை பதிவு செய்தபோது வேறு அளவுக்குத் தள்ளி நின்றது.

கடைசியில் எங்கள் தெருவில் மைக்செட் வைத்திருக்கும் நண்பர்தான் வழிக்குக் கொண்டுவந்தார். கல்யாணம், கோயில் கச்சேரி என்று இருபது வருஷமாக வயர் இழுக்கிற மனிதர். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கேனான் எங்கே அண்ணே?” என்றார். மூன்று பின் உள்ள வட்ட மைக் கனெக்டரை இங்கே எல்லாரும் கேனான் என்றுதான் சொல்வோம், பெட்டியின் அட்டையில் எக்ஸ்எல்ஆர் என்று போட்டிருப்பார்கள். என் பெட்டியில் இருந்தது போன் ஹெட்செட்டுக்குச் சொருகுகிற 3.5 மில்லிமீட்டர் ஓட்டை. கடைக்காரர் கொடுத்த கேபிள் ஒரு பக்கம் கேனான், மறுபக்கம் இந்தக் குட்டி பின். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும், அந்தக் குட்டி ஓட்டை கொடுப்பது ஏதோ இரண்டு மூன்று வோல்ட். சாப்பாடு போடாமல் வேலை வாங்கினால் எப்படியோ அப்படித்தான் மைக் பாடிற்று, பாட்டை விட இரைச்சல் அதிகம்.

“சவுண்ட் கார்டுன்னு கேட்காதீங்க, ஆடியோ இன்டர்ஃபேஸ்னு கேளுங்க” என்றார். கடையில் பாதிக் குழப்பம் இந்தப் பெயரால்தான். சவுண்ட் கார்டு என்கிற சொல் கம்ப்யூட்டருக்குள் அட்டை சொருகின காலத்தது, சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கொண்டுவந்த காலம், விளையாட்டில் வெடிச்சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்பது அதன் முக்கிய வேலை. இன்றைக்கும் 7.1 என்று எழுதி விற்கிற யூஎஸ்பி குச்சியெல்லாம் அந்த வம்சம்தான். அந்த 7.1 வெளியே போகிற ஸ்பீக்கர் கணக்கு, ஐயா. உள்ளே வருகிற மைக் ஒன்றே ஒன்று, அதுவும் மோனோ. பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டவரிடம் 7.1 பாருங்கள் என்றது, கிணறு தோண்ட ஆள் கேட்டவருக்கு ஓடு மாற்றுகிறவர் வீட்டு விலாசம் கொடுத்த மாதிரி.

அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்லியிருந்தால் முதலில் ஒரு கேள்விதான் கேட்டிருப்பேன்: ஒரே நேரத்தில் எத்தனை மைக்? மகளுக்கு ஒன்று. மகனுக்கு ஒன்று என்று சொல்வார், அங்கேதான் தப்பு. மிருதங்கத்துக்கு இரண்டு முகம். கச்சேரி மேடையில் பாருங்கள், வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. ஒரே மைக்கை நடுவில் வைத்துச் சமாளிக்கலாம், வகுப்புக்கு அனுப்புகிற பதிவுக்கு நானே அப்படிச் செய்வதுண்டு, ஆனால் வலந்தலையின் சாப்பு கணீரென்று வந்தால் தொப்பியின் கும்கி அமுங்கும், கும்கி வந்தால் சாப்பு மங்கும், பதிவான பிறகு இரண்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்க வழியில்லை. ஆக மூன்று மைக். நாளைக்கு வயலின் வாசிக்கிற தோழி வந்து உட்கார்ந்தால் நாலு. பெரிங்கர் கம்பெனியின் யூஎம்சி202எச்டி, யூஎம்சி404எச்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 24 பிட், இரண்டிலும் அதே 192 கிலோஹெர்ட்ஸ். உங்கள் பதில்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் மைக் ஓட்டை இரண்டு, இரண்டாவதில் நாலு. முதலாவதை வாங்கினால் பையனின் தொப்பியை விட்டுவிட வேண்டியதுதான். இரண்டாவதுக்குத் தனியாக அடாப்டர் உண்டு, முதலாவது லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், இதையும் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

நான் நாலு ஓட்டைப் பெட்டி ஒன்றை வாங்குவதற்கு முன் இன்னொரு தப்பும் பண்ணப் பார்த்தேன், நண்பர் தடுத்தார். யூஎஸ்பி போட்ட சின்ன மிக்ஸர்கள் நிறைய விற்கிறார்கள், எட்டு சேனல், பத்து சேனல் என்று எழுதியிருக்கும், விலையும் ஆசை காட்டும். ஆனால் அவற்றில் பல, எத்தனை மைக் மாட்டினாலும் எல்லாவற்றையும் கலந்து இடது வலது என்று இரண்டே சேனலாகத்தான் லேப்டாப்புக்கு அனுப்பும். கலந்த பிறகு பாட்டையும் மிருதங்கத்தையும் பிரிக்க முடியாது, சாம்பாரிலிருந்து பருப்பைத் தனியாக எடுக்கிற கதை. அட்டையில் யூஎஸ்பி வழியாக எத்தனை சேனல் போகிறது என்று போட்டிருக்கும், அதைப் படியுங்கள். மறுபக்கம், ஒருவர் மட்டும் பேசவோ பாடவோ போகிறார், வேறு எதுவும் வேண்டாம் என்றால், யூஎஸ்பி மைக் ஒன்று போதும், இந்தப் பெட்டியே தேவையில்லை.

அடுத்தது கெயின், அதாவது மைக்கிலிருந்து வருவதைப் பெட்டி எவ்வளவு பெரிதாக்குகிறது என்பது. நம்மிடம் வீட்டில் இருப்பது பெரும்பாலும் மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் மைக். அதிலிருந்து வருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான், அதைப் பெரிதாக்குவது பெட்டிக்குள் இருக்கிற ப்ரீஆம்ப். மெல்லிய குரல், வீணை, இதையெல்லாம் டைனமிக் மைக்கில் பிடிக்க 60 டெசிபல் பக்கம் வேண்டியிருக்கும். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வில் மூன்றாம் தலைமுறைப் பெட்டி 56 டெசிபல் கொடுத்தது, 2023-ல் வந்த நாலாம் தலைமுறை 69 கொடுக்கிறது. பார்க்க இரண்டும் ஒரே சிவப்புப் பெட்டிதான், பழையதை யாராவது மலிவாகக் கொடுத்தால் இந்த 13 டெசிபல் வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மிருதங்கத்துக்குத் தலைகீழ். கெயினே வேண்டாம், பக்கத்தில் மைக் வைத்துவிட்டு ஒரு ‘தீம்’ கொடுத்தால் சிவப்பு விளக்கு எரியும், அங்கே சத்தத்தைக் குறைக்கிற பேட் பொத்தான் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வீணைக்கோ வயலினுக்கோ ஒட்டவைக்கிற காண்டாக்ட் மைக் போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: பி-38 என்கிற கால் இன்ச் பின்னைச் சொருகுகிற இடத்தில் ‘இன்ஸ்ட்’ என்றோ ‘ஹை-இசட்’ என்றோ ஒரு பொத்தான் இருக்க வேண்டும். அந்த மைக்குக்கு ஒரு மெகா ஓம் பக்கம் இன்புட் வேண்டும், சாதாரண லைன் இன்புட்டில் சொருகினால் மந்தர ஸ்தாயி மெலிந்து, தகர டப்பாவில் வாசித்த மாதிரி வரும். வீணையைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

இப்போது அந்த 192-க்கு வருகிறேன். விநாடிக்கு எத்தனை தடவை ஒலியை அளந்து எழுதிக்கொள்கிறது என்பது அது. எந்த ஒலியைப் பிடிக்க வேண்டுமோ அதைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக அளந்தால் போதும். மனிதக் காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அதனால்தான் சிடி 44.1-ல் நின்றது, வீடியோவுக்கு 48. என் வயதுக்காரர்களுக்கு அந்த 20-ம் கேட்காது, அதை விடுங்கள். நாலு மைக்கை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் சுமார் 2 ஜிபி வரும். அதையே 192-ல் செய்தால் 8 ஜிபிக்கு மேல், லேப்டாப்பும் மூச்சுத் திணறும், காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மாறாக 24 பிட் நிஜமாகவே உதவும், ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதிக்கொள்கிறது என்பது அது. பிடிக்க முடிகிற மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல், 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144 என்று கணக்கு. இதனால் சத்தத்தைச் சிவப்பு வரைக்கும் ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, மேலே 12 டெசிபல் இடம் விட்டுவைத்துப் பதிவு செய்யலாம், வாசிப்பை முடிக்கிற தீர்மானத்தில் பையன் உற்சாகமாக இரண்டு போடு போட்டாலும் கிழியாது.

யூஎஸ்பி-சி பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது சொருகுகிற வாயின் வடிவம், ஒலியின் தரம் இல்லை. பழைய யூஎஸ்பி 2.0 விநாடிக்கு 480 மெகாபிட் கொண்டுபோகும், ஒரு மைக்குக்கு 48-ல் ஆவது 1.2 மெகாபிட்கூட இல்லை. நாலு மைக்குக்கு அது எட்டு வழிச் சாலையில் நாலு சைக்கிள். ஹப் வைக்காமல் லேப்டாப்பிலேயே நேராகச் சொருகுங்கள், அது போதும். பார்க்க வேண்டியது டிரைவர். விண்டோஸில் ஆசியோ என்று ஒரு வகை டிரைவர் உண்டு, ஸ்டைன்பெர்க் கம்பெனி கொண்டுவந்தது. பெட்டி செய்த கம்பெனியே தன் பெட்டிக்கென்று அதைக் கொடுக்கிறதா, உங்கள் விண்டோஸுக்கு இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேக்கில் இந்தத் தலைவலி குறைவு. நல்ல டிரைவர் இருந்தால் பஃபரை, அதாவது லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கிற அளவுகளின் எண்ணிக்கையை, 256-க்கு இறக்கலாம், 48 கிலோஹெர்ட்ஸில் அது 5.3 மில்லி விநாடி, போக ஒரு தரம் வர ஒரு தரம் என்று வைத்தாலும் 11-க்குள், மேலே கொஞ்சம் பெட்டியின் பங்கு. ஒலி ஒரு மில்லி விநாடியில் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆக பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பக்கவாத்தியம் வாசிப்பது போல. அது நமக்குப் பழக்கம்தானே. ஒரு விஷயம், இலவசமாகக் கிடைக்கிற பதிவு சாஃப்ட்வேர் ஆடாசிட்டி வெகு காலம் ஆசியோ இல்லாமல்தான் வந்தது, அதனால் அடுக்கி அடுக்கிப் பதிவு செய்கிறவர்கள் ரீப்பர் மாதிரி வேறொரு பதிவு சாஃப்ட்வேரை இரண்டு மாதம் சோதனைக்குப் போட்டுப் பார்க்கலாம். பாடுகிறவளுக்கோ இதுவும் தேவையில்லை. பெட்டியில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் போதும், அவள் குரல் லேப்டாப்புக்குப் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும், தம்புராவையும் அதிலேயே கேட்டுக்கொள்ளலாம், மைக்கில் ஏறாது.

புதுப் பெட்டி வந்த அன்றைக்கும் ஒரு சோதனை. எல்லாம் மாட்டி, எங்கள் பெண் ஐந்தரைக் கட்டை சுருதியில் ‘ஸா’ பிடிக்கிறாள், அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். பெட்டி கெட்டுப்போயிற்று என்றே நினைத்தேன். வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் முனகல் அது, ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் விழும், ஐந்தரைக் கட்டைக்காரியின் ஆதார சுருதிக்கு அரைகுறையாகக் கீழே, பல்லில் மணல் கடிபட்ட மாதிரி. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், சட்டென்று நின்றது. இப்போதும் பேட்டரியில்தான் பதிவு செய்கிறோம். எர்த் ஒழுங்காக உள்ள மூன்று பின் பிளக்கில் பெரும்பாலும் இந்தத் தொல்லை குறையும். சிலர் எர்த் பின்னையே வெட்டிவிடச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்திருப்பது குழந்தை. அறை எதிரொலிப்பதற்குப் பெட்டி ஒன்றும் செய்யாது, டைல்ஸ் தரையில் ஜமக்காளம் விரியுங்கள், புடைவை அலமாரியைத் திறந்துவைத்து அதன் முன்னால் பாட வையுங்கள், குக்கர் விசிலுக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள், அந்த நாலு வரிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு திருத்தம் போடுங்கள், அந்த அம்மா இன்னும் வாங்காமல் இருக்கலாம். அப்படியே கேள்விக்குப் பதில் சொல்கிறவரை ஒரு நாள் ஏதாவது ஒரு வாத்தியக்காரர் வீட்டில் உட்கார்ந்து ஒரு பதிவு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு: நாலு கேனான் ஓட்டை, 48 வோல்ட், டைரக்ட் மானிட்டர், கம்பெனியின் சொந்த டிரைவர், இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, லேப்டாப்பையும் மிருதங்கத்தையும் பையனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். அங்கேயே மாட்டி, தொப்பியிலும் வலந்தலையிலும் பத்து அடி போடச் சொல்லி, லேப்டாப்பில் இரண்டும் தனித்தனி வரியாக வருகிறதா என்று பாருங்கள். கடைக்குள் வாசிக்கக் கூடாது என்றால் வேறு கடை பாருங்கள். பொத்தானை அமுக்கினால் கைதட்டுகிற பெட்டிதான் வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால் வாங்க வேண்டாம், என்னுடையது பரண்மேல் சும்மா கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மிருதங்க வாத்தியார்,
கும்பகோணம்.